மாட்டியல்: பழைய டிராக்டரும் கனத்த கலப்பையும் கூடும் இடம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

உழவைப் பற்றி நம் முன்னோர் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அது உண்மையல்ல என்று நிறுவுவதே இக்கட்டுரையின் முதல் வேலை. வள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், பத்துக் குறள். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடுகிறது. மேழிக்குப் பாட்டு உண்டு, கொழுவுக்கு உண்டு, நுகத்தடிக்கு உண்டு, அந்த நுகத்தடியில் செருகும் சின்ன ஆணிக்குக்கூட உண்டு. ஆனால் விடிகாலையில், பனி இறங்கிய களத்துமேட்டில், 1986 மாடல் டிராக்டரின் பின்னால் குனிந்து நின்று, ஏறத்தாழ 400 கிலோ ரோட்டாவேட்டரை அதில் மாட்ட முயல்பவன் படும் பாட்டை எந்தப் புலவரும் பாடவில்லை.

புலவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் காலத்தில் டிராக்டர் இல்லை. டிராக்டர் வந்தபின் எழுதியவர்களும் பாடவில்லை என்பதுதான் வருத்தம். உழுகருவிக் கையேடுகள் ஆழம், அகலம், வேகம், மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று பக்கம் பக்கமாகப் பேசும். கருவியை வண்டியோடு இணைப்பதற்கு ஒரு வரி கொடுத்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிடும். அந்த ஒரு வரிக்குள்தான் எங்கள் சித்தப்பாவின் நாற்பது நிமிடமும் என் இரண்டு விரல் நகங்களும் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசு நிலையம் புது டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் தூக்கும் திறன் இத்தனை கிலோ என்று இருக்கும். மாட்டி முடிப்பதற்குள் உரிமையாளர் எத்தனை முறை இருக்கையிலிருந்து இறங்கி ஏறினார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே மாட்டியல் என்னும் புதுத் துறையை இங்கே முன்வைக்கிறோம். 'முன்வைக்கிறோம்' என்ற பன்மை ஆய்வு மரபு கருதியது. உண்மையில் முன்வைத்தவன் நான் ஒருவன். பின்னால் வைத்தது ரோட்டாவேட்டர்.

2. சொல்லாராய்ச்சி

மாடு இருந்த காலத்தில் பூட்டினார்கள். ஏர் பூட்டினார்கள், வண்டி பூட்டினார்கள், சித்திரை பிறந்தால் நல்லேர் பூட்டினார்கள். டிராக்டர் வந்தபின் 'கலப்பையைப் பூட்டு' என்று யாரும் சொல்வதில்லை, 'மாட்டு' என்கிறார்கள். மாடு இருந்தவரை பூட்டு. மாடு போனபின் மாட்டு. மொழி பழைய வேலைக்காரனை மறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். (இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியை மொழிநூலார் ஏற்க மாட்டார்கள். அவர்கள் ஏற்க 'மாட்டார்கள்' என்பதிலும் மாடு இருப்பதை நோக்குக.)

இரண்டு சொல்லுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. 'பூட்டிக்கொண்டான்' என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிம்மதியாக இருக்கிறான். 'மாட்டிக்கொண்டான்' என்றால் அவன் நிலைமை நமக்குத் தெரியும். தன்வினை விகுதி சேர்ந்தவுடன் ஒன்று பாதுகாப்பாகிறது, மற்றது ஆபத்தாகிறது. டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே புகுந்து நின்ற எவருக்கும் இந்த இலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாக 'மாட்டு' என்பதைச் சொல்கிறார். ஒரு பாட்டில் தள்ளிக் கிடக்கும் சொற்களையும் அண்மையில் கிடக்கும் சொற்களையும் கொண்டுவந்து கூட்டிப் பொருள் முடிப்பது அது. நச்சினார்க்கினியர் இதில் பெரிய கை. பத்துப்பாட்டுக்கு உரை எழுதியபோது எத்தனையோ அடிகள் தள்ளிக் கிடந்த சொற்களை எல்லாம் அலுங்காமல் மாட்டிக் காட்டியவர். அவரைக் களத்துமேட்டுக்கு அழைத்து வந்து ஒரு கேள்வி கேட்க ஆசை: ஐயா, நூறு அடி தள்ளிக் கிடப்பதை மாட்டிவிட்டீர்கள், அரை அங்குலம் தள்ளிக் கிடப்பதை எப்படி மாட்டுவது?

3. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் முதலாசிரியர் ஹாரி பெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884இல் விவசாயி வீட்டில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் ஏறிப் பறந்து காட்டியவர். ஆண்டின் கடைசி நாளில் அவர் தரையை விட்டுக் கிளம்பியதற்கும், பிற்காலத்தில் கலப்பையைத் தரையை விட்டுக் கிளப்பியதற்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

அவருக்கு முன்பு கலப்பையைச் சங்கிலி கட்டி வாலில் இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தாது. இழுக்க முடியாத வேகத்தில் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டியவர் மேலேயே மல்லாந்து விழும். உயிர்கள் போயின. பெர்குசன் கலப்பையைத் தனி ஆளாக விடாமல் டிராக்டரின் உடம்போடு சேர்த்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கீழ்க்கைகள் இழுக்கும். மேல்கை கலப்பை தரும் அழுத்தத்தை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் அமர்த்தும். அந்த அழுத்தத்தைப் பார்த்து ஹைட்ராலிக் தானே கலப்பையை ஏற்றி இறக்கும். 1926இல் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை அந்த மூன்று கைகள்தாம்.

1938இல் பெர்குசனும் ஹென்றி போர்டும் சேர்ந்து டிராக்டர் செய்ய ஒப்புக்கொண்டார்கள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, கைகுலுக்கல் மட்டும். மறு ஆண்டே வண்டி வெளிவந்தது. பிறகு தாத்தாவின் இடத்துக்குப் பேரன் வந்தார், உறவை முறித்தார், 1948இல் வழக்கானது. 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். மாட்டியது ஒரு கைகுலுக்கலில். கழற்ற நாலு ஆண்டும் அத்தனை பணமும். இதிலிருந்து மாட்டியலின் முதல் பள்ளி தோன்றுகிறது: மாட்டுவது எளிது, கழற்றுவதே கடினம். எங்கள் ஊர்ப் பள்ளி இதிலிருந்து சற்றே வேறுபடும். இரண்டுமே கடினம் என்பது எங்கள் கொள்கை.

பெர்குசன் டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றில் சிலவற்றை ஓட்டிக்கொண்டு எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தையே அடைந்தார். இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: ஹிலாரி பனிச்சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் காலையில் ரோட்டாவேட்டரை மாட்டி மாலையில் கழற்றி, ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்ட வேண்டியிருந்தால் அவர் எவரெஸ்டோடு நிறுத்திக்கொண்டிருப்பார்.

4. ஆய்வுக்களமும் ஆய்வுப்பொருளும்

களம்: காவிரிப் படுகையில் எங்கள் களத்துமேடு. காலம்: குறுவைக்கு முன்னால். ஜூன் 12 என்று மேட்டூர் அணைக்கு நாள் குறித்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகூர்த்தம் குறித்த கல்யாண வீடு மாதிரி. தண்ணீர் வருவதற்குள் வயல் தயாராக வேண்டும். தயாராக ரோட்டாவேட்டர் ஓட வேண்டும். ஓட, அது முதலில் மாட்டப்பட வேண்டும்.

நிலைப்பொருள்: சித்தப்பாவின் டிராக்டர். 35 குதிரைத்திறன். நிறம் ஆர்.சி. புத்தகத்தின்படி ஒன்று, கண்ணால் காணும்படி துரு. பெயர்ப்பலகை உதிர்ந்துவிட்டதால் கம்பெனியின் பெயர் இங்கே இடம்பெறவில்லை.

வரும்பொருள்: ஐந்தடி ரோட்டாவேட்டர். இந்தக் கருவியின் மூதாதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிபர்ட் ஹோவர்ட். 1912இல் நியூ சவுத் வேல்ஸில் தன் அப்பாவின் பண்ணையில் இருந்த நீராவி எஞ்சினைக் கொண்டு மண்ணைச் சுழற்றிக் கிளறிப் பார்த்தவர். 'ரோட்டாவேட்டர்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. தமிழில் இதற்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். எந்தப் பக்கமிருந்தும் வாசிக்கக்கூடிய பெயரை வைத்துக்கொண்ட கருவி, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாட்ட வராது என்பதை ஹோவர்டின் காலத்தில் யாரும் ஊகித்திருக்க முடியாது.

தகவலாளர்கள்: சித்தப்பா (ஓட்டுநர்), நான் (பின்பக்கத் தூதர்), வரப்பில் குடை ஊன்றி நிற்கும் பக்கத்து வயல் மாமா (திறனாய்வாளர்), சித்தி (டீ கொண்டுவருபவர் என்று ஆய்வின் தொடக்கத்தில் கருதப்பட்டவர்).

5. புணரியல்

இரண்டு சொற்கள் சேர்வதற்கு நம் இலக்கணம் வகுத்த விதிகள் இரண்டு இரும்புகள் சேர்வதற்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு ஆய்வாளர் வியந்தார். முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. இங்கே ஒரு சிறு மாறுதல்: பெயருக்கு ஏற்ப நிற்க வேண்டிய டிராக்டர்தான் பின்னால் பின்னாலேயே வருகிறது. வர வேண்டிய ரோட்டாவேட்டர் செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டு பெண் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது.

சேரும்போது எந்த மாற்றமும் இல்லாமல் சேர்ந்தால் அது இயல்பு புணர்ச்சி. புது டிராக்டர் ஷோரூமில் ஒருமுறை கண்டதாகப் பக்கத்து வயல் மாமா சொல்கிறார். எங்கள் களத்தில் நடப்பதெல்லாம் விகாரம். அது மூன்று வகை.

தோன்றல்: இல்லாத ஒன்று புதிதாக முளைப்பது. வாஷர், பழைய நட்டு, சைக்கிள் ஆரக்கம்பி, தேங்காய் நார்க் கயிறு, கடப்பாரை, கடைசியாக அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர்.

திரிதல்: இருந்த ஒன்று வேறொன்றாவது. நேராக இருந்த பின் வளைவது. சிவப்பாக இருந்த நகம் கறுப்பாவது. 'தம்பி' என்று தொடங்கிய சித்தப்பா 'டேய்' என்று முடிப்பது.

கெடுதல்: இருந்தது காணாமல் போவது. பின்னின் முனையில் செருகி வளையத்தை மடித்துவிடும் சின்ன லிஞ்ச் பின், உலகில் உள்ள கெடுதல்களில் தலையாயது. நேற்று மாலை சித்தப்பா சட்டைப் பையில் போட்டதை அவரே பார்த்தார். இன்று காலை சட்டை இருக்கிறது, பை இருக்கிறது.

உடம்படுமெய் என்றும் ஒன்று உண்டு. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் வந்து முட்டிக்கொள்ளாமல் நடுவே யகரமோ வகரமோ வந்து உட்காரும். இரும்பில் அதற்குப் பெயர் புஷ். மூன்று கை இணைப்புக்கு உலகளாவிய அளவுகள் உண்டு. முதல் வகையில் கீழ்க்கைப் பின்னின் விட்டம் 22 மி.மீ.; இரண்டாம் வகையில் 28 மி.மீ. புது டிராக்டரின் 28 துளையில் பழைய கருவியின் 22 பின் லொடலொடத்தால் நடுவே ஒரு புஷ் போடலாம். யகரம் வந்தது போல் சமாதானமாகிவிடும். எங்கள் கதை தலைகீழ். வண்டி பழையது, துளை 22. ரோட்டாவேட்டர் புதியது, பின் 28. பெரியது சிறியதில் நுழைய எந்த உடம்படுமெய்யும் உதவாது. பின்னைக் கழற்றி லேத் பட்டறையில் கடைந்து 22 ஆக்கினோம். குறைந்தது 6 மி.மீ. தானே என்று தோன்றும். வெட்டுப்பரப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 38 பங்கு இரும்பு பட்டறைத் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. தாங்க வேண்டிய கனம் மட்டும் அப்படியே இருந்தது.

6. காலும் கிளட்சும்

பின்னோக்கி வருவதன் இயற்பியலைச் சற்று நோக்குவோம். டிராக்டர் மணிக்கு 2 கி.மீ. என்னும் ஆமை வேகத்தில் வந்தால்கூட நொடிக்கு 56 செ.மீ. நகரும். நமக்கு வேண்டியது அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. ஒரு நொடியை 44 கூறாக்கி, அதில் ஒரு கூறு நேரம் மட்டும் கிளட்சை விட்டு மிதிக்க வேண்டும். பரதம் பயின்ற பாதத்துக்கே அரிதான இந்த நுட்பத்தை, ரப்பர் தேய்ந்த கிளட்சில் ரப்பர் தேய்ந்த செருப்புக் காலால் செய்யச் சொல்கிறோம்.

அதைவிடச் சூட்சுமம் ஒன்று உண்டு. சித்தப்பாவின் வண்டி ஒற்றைக் கிளட்ச் வண்டி. கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் பின்பாகத்துக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். கைகளைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும் அந்தப் பின்பாகத்தின் உறவுக்காரர்தான். வண்டி நிற்பதற்காகக் கிளட்சை மிதித்தால் கை தூக்குவதும் நின்றுவிடும். கை தூக்க வேண்டுமென்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சை விட வேண்டும். நியூட்ரலுக்கு வந்தவுடன், பிரேக் இருந்த காலத்தை எண்ணிப் பெருமூச்சுவிட்டபடி, வண்டி இரண்டு அங்குலம் முன்னால் உருளும். வந்தால் தூக்காது, தூக்கினால் வராது. இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் பாதி மிதித்தால் ஓட்டம் மட்டும் நிற்கும், தூக்கல் நிற்காது. அந்தப் பாதி மிதிதான் எங்கள் இல்லறத்தில் குறை.

மேலும், அந்த ஹைட்ராலிக் தூக்குமே தவிர அமுக்காது. இறங்குவது சுமையின் எடையால்தான். சுமை இல்லாத வெறும் கை, போன இடத்தில் அப்படியே நின்றுகொள்ளும். அப்போது பின்பக்கத் தூதர் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். 'ஏறி மிதிடா' என்ற கட்டளை இங்கேதான் பிறக்கிறது.

7. ஒலியியல்

ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெரியாது. பின்பக்கத்தில் நிற்பவருக்கு ஓட்டத் தெரியாது. இருவருக்கும் நடுவே எஞ்சின் சத்தம். இந்தச் சூழலில் வளர்ந்த தகவல்முறை தமிழ் யாப்பின் மாத்திரைக் கணக்கில் இயங்குவதை ஆய்வாளர் கண்டறிந்தார். நான்கடி தூரம் இருந்தால் 'வாஅஅ' என்று அளபெடை. இரண்டடிக்கு 'வாஅ'. ஓர் அடிக்கு 'வா' என்னும் நெடில். இன்னும் கால் அங்குலம் இருக்கும்போது 'வ' என்று குறிலாகச் சுருங்கும். பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் கால் என்பதற்கு 'வ' என்ற எழுத்தையே எழுதினார்கள் என்பதை இங்கே பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

தமிழன் முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்குப் பெயர் வைத்தவன். அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று 1,02,400இல் ஒரு பங்குக்கும் பெயர் வைத்தவன். இவ்வளவு நுண்மை எதற்கு, எதை அளந்தான் என்று பலர் வியப்பதுண்டு. எனக்கு இப்போது வியப்பில்லை. துன்பம் என்னவென்றால், நான் முந்திரியில் சொல்வதைச் சித்தப்பாவின் கால் முழத்தில் கேட்கிறது.

"ஒரு துளி வா சித்தப்பா."

வண்டி ஒரு முழம் வந்தது. ரோட்டாவேட்டர் செங்கல்லிலிருந்து நழுவி, ஒரு பக்கம் மண்ணில் அமர்ந்தது.

"துளின்னுதானேடா சொன்னே?"

"துளிதான் சொன்னேன்."

வரப்பிலிருந்து மாமா குடையை மாற்றி ஊன்றினார். "ஆத்துல வர்ற துளிய நெனச்சுக்கிட்டாரு போல."

8. ஆறு பற்களின் ஊடல்

மூன்று கைகளையும் எப்படியோ மாட்டிவிட்டாலும் ரோட்டாவேட்டர் சுற்ற வேண்டும். அதற்கு பி.டி.ஓ. தண்டு. எஞ்சின் சக்தியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கருவிக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை 1918இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னால் அளவும் வேகமும் பொதுவாயின: 1⅜ அங்குல விட்டம், ஆறு வரிப்பல், நிமிடத்துக்கு 540 சுற்று.

ஆறு பல் என்றால் எந்த நிலையிலும் அதிகம் போனால் 60 பாகை திருப்பினால் பொருந்திவிடும் என்று வடிவியல் ஆசிரியர் சொல்வார். அவருக்குக் களத்தில் நடப்பது தெரியாது. டிராக்டர் பக்கத்துத் தண்டு திரும்பாது, லிவர் துருவில் உறைந்திருக்கிறது. ரோட்டாவேட்டர் பக்கத்துத் தண்டு திரும்பாது, கத்திகள் மண்ணில் புதைந்திருக்கின்றன. நடுவில் நீளக் குறைய வேண்டிய குழாய் குறையாது, போன பருவத்துச் சேறு உள்ளே காய்ந்து கல்லாகியிருக்கிறது. மூவரும் தத்தம் இடத்தில் நியாயமாகவே இருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கக்கூடியவன் நான்காமவன், மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ, தண்டை நெஞ்சில் ஏந்திக் கிடக்கிறான்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆய்வாளர் விளையாட்டை நிறுத்துகிறார். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவை ஒரு சாண் என்று வைத்தாலும் நாலு முழ வேட்டி முழுதும் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். 'ஐயோ' என்று சொல்லவும் அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே எஞ்சின் நின்றபின்தான் கை அங்கே போக வேண்டும். சித்தப்பா எத்தனை கோபத்தில் இருந்தாலும், எத்தனை முறை ஸ்டார்ட் எடுக்காமல் மக்கர் பண்ணினாலும், தண்டு மாட்டும்போது எஞ்சினை நிறுத்திவிடுவார். தேய்ந்த சீல் உள்ள ஹைட்ராலிக் தூக்கியதை மெல்ல மெல்லக் கைவிடும் என்பதால், தூக்கிய கருவிக்கு அடியில் யாரையும் விட மாட்டார். அவரைப் பற்றி இக்கட்டுரையில் வரும் மற்ற செய்திகளை வாசகர் இதோடு சேர்த்து நிறுக்க வேண்டும்.

9. ஏற்றத் தத்துவம்

மாட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். லிவரை இழுத்தால் பின்னால் 400 கிலோ எழும்புகிறது. முன்னால் வண்டியின் மூக்கும் எழும்புகிறது. பெர்குசனின் மேல்கை முன்சக்கரத்தை அமர்த்துவது கலப்பை மண்ணுக்குள் உழும்போது. கருவி காற்றில் தொங்கும்போது கதை வேறு. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏற்றமரத்தில் ஆள் பின்னால் நடந்தால் முன்முனை மேலே போகும். இங்கே பின் அச்சுதான் ஏற்றக்கால். பின்னால் நடப்பது ரோட்டாவேட்டர். தூக்கும் திறன் இத்தனை என்று கம்பெனி சொல்வது கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் கனமோ அந்த நுனியோடு நிற்காது, இன்னும் பின்னால் தள்ளித் தொங்குகிறது. வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி தன் விருப்பப்படி போகும். அறிஞர்கள் முன்னால் இரும்புக் கட்டிகள் மாட்டச் சொல்கிறார்கள். கனத்தை மாட்டிய துன்பம் தீர இன்னொரு கனத்தை மாட்ட வேண்டும் என்பது மாட்டியலில் மட்டுமல்ல, கடன் இயலிலும் அறியப்பட்ட விதி.

'பேசாமல் புது டிராக்டர் வாங்கிவிடலாமே' என்பது எதிர்த்தரப்பு. இது பக்கத்து வயல் மாமாவின் கருத்து. அவர் பதினைந்து ஆண்டுகளாக இதைச் சொல்கிறார். உழுவதற்கு எங்கள் டிராக்டரைத்தான் கூப்பிடுகிறார்.

10. கண்டடைந்தது

அன்று காலை நாற்பது நிமிடம் ஆனபின்னும் வலது கை மாட்டியிருந்தது, இடது கை மாட்டவில்லை. இடது கைக்கும் பின்னுக்கும் நடுவே அந்த அரை அங்குலம். நான் கடப்பாரையில் தொங்கினேன். மாமா குடையைப் படுக்க வைத்துவிட்டு வந்து தொங்கினார். சித்தி டீத் தூக்கோடு வந்து, டம்ளரை வரப்பில் வரிசையாக வைத்துவிட்டு, சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏங்க, இடதக் கையத்தான மொதல்ல மாட்டணும்?"

"ஏன், வலதுக்கு என்ன?"

"வலதுலதான கைப்பிடி இருக்கு. சுத்துனா ஏறும், எறங்கும். இடது அப்பிடியே நிக்கும். அசையாதத மொதல்ல மாட்டிட்டு, அசையறத அப்பறம் மாட்டணும்னு வண்டி எறக்குன அன்னைக்கே அந்த கம்பெனி மெக்கானிக் தம்பி சொல்லுச்சே. நான்தான காப்பி குடுத்தேன்."

களத்தில் சிறிது நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு சித்தப்பா அதையும் நிறுத்தினார்.

அந்த மெக்கானிக் சொன்னதில் பிழையே இல்லை. வலது பக்கத் தூக்குக் கம்பியில்தான் திருகும் கைப்பிடி உண்டு. இடதை முதலில் மாட்டினால் வலதை ஏற்றி இறக்கித் துளையைப் பின்னுக்குக் கொண்டுவரலாம். அதன்பின் மேல்கை, இரு முனையிலும் எதிரெதிர் மரை உள்ள அதைத் திருகினால் நீளும், குறுகும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. நாங்கள் 1986 முதல் வலதை முதலில் மாட்டி, வளையக்கூடியதை வீணாக்கிவிட்டு, வளையாததோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

வரிசை மாறியது. இடது, வலது, மேல். பதினோரு நிமிடம். ஆனாலும் இடது பின் துளைக்குள் போவதற்குக் கடைசியில் அந்த அரை அங்குலம் இருந்தது. மாமாவும் நானும் தோள் கொடுத்துத்தான் தள்ளினோம். வரிசை சரியானதால் தோளின் வேலை குறைந்தது, தீரவில்லை. இங்கேதான் இவ்வாய்வின் முடிவு பிறக்கிறது. மாட்டைப் பூட்டிய காலத்தில் 'வா' என்றால் அது தானே வந்து கழுத்தைக் கொடுத்தது. நுகத்தடி ஒரு விரல் தள்ளியிருந்தால் மாடு ஒரு விரல் நகர்ந்தது. இரும்பு நகராது. மாடு விட்டுப்போன அந்த ஒரு விரல் நகர்வு இன்று மனிதன் பங்குக்கு வந்திருக்கிறது. எனவே பெர்குசனின் மூன்று புள்ளியோடு நான்காவது புள்ளி ஒன்றையும் சேர்க்குமாறு மாட்டியல் பரிந்துரைக்கிறது: வளையாதது முதலில், திருகினால் வளைவது அடுத்து, தானே வளைந்து கொடுப்பது கடைசியில்.

இந்த முடிவைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இத்தனை வருஷமா ஏன் சித்தி சொல்லல?"

"சொல்லாம என்ன. நான் பேசுறப்பல்லாம் உங்க சித்தப்பா கிளட்ச மிதிச்சிருப்பாரு."

லிஞ்ச் பின்தான் இன்னும் கிடைக்கவில்லை. சித்தப்பா சட்டைப் பையை உதறினார், நான் வைக்கோலில் தேடினேன், மாமா ஆரக்கம்பி கொண்டுவரக் கிளம்பினார். சித்தி வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தார். உள்ளங்கையில் ஏழு லிஞ்ச் பின்கள். களம் பெருக்கும்போது கிடைத்ததையெல்லாம் பொறுக்கி அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து முந்தானையில் மஞ்சள் தூளைத் துடைத்துவிட்டு நீட்டினார். வெந்தய வாசனை அடித்தது.

நுகத்தாணிக்கும் பாட்டுப் பாடிய ஏரெழுபது, அந்த ஆணி தொலைந்த நாட்களில் அதை எடுத்து வைத்தவர் யார் என்று சொல்லவில்லை. அடுத்து வரும் ஆய்வாளர்கள் அடுப்படியிலிருந்து தொடங்கலாம்.